அசையாத ஸ்படிகமும் திரும்பும் ஒலியும்

போருக்காகப் பிறந்து வைத்தியத்துக்கு வாழ்க்கைப்பட்ட சாதனங்கள் விஞ்ஞான சரித்திரத்தில் பல உண்டு. ஆயினும், சிற்றூர் ஆஸ்பத்திரிகளிலும் இன்று திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு மூலையில் நிற்பதும், 'ஸ்கேன்' என்ற ஒற்றைச் சொல்லால் நம் தாய்மார்கள் குறிப்பதுமான அல்ட்ராசவுண்ட் யந்திரத்தைப் போல, தன் பூர்வோத்தரத்தை முற்றும் மறைத்துக்கொண்டு, பிறந்த நாள் முதலே ஆஸ்பத்திரிப் பொருளாக இருந்தது போன்ற தோற்றத்தைத் தரும் சாதனம் வேறொன்று இராது. ஜெல் தடவிய வயிற்றின் மேல் டாக்டர் வைக்கிற அந்தப் புரோப்புக்குள் இருப்பது ஒரு ஸ்படிகம் அன்று. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள சில்லுகள் நூற்றுக்கு மேற்பட்டவை, ஒன்றையொன்று தொடாமல், ஆனால் ஒன்றன் பேச்சுக்கு மற்றொன்று இசைந்து, வரிசையாக அமர்ந்திருக்கின்றன. தனி ஒரு ஸ்படிகம் எவ்வாறு இந்த வரிசையாயிற்று, அந்த மாறுதலுக்காக உழைத்தவர்கள் யார் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. வைத்தியத்தில் அல்ட்ராசவுண்டைப் புகுத்திய டாக்டர்களின் பெயர்கள் ஓரளவுக்குப் பிரசித்தமானவை. வரிசையை வடிவமைத்த பொறியியலாளர்களின் பெயர்களோ, அந்த யந்திரத்தைத் தினமும் கையாளுகிறவர்களுக்குக்கூடப் பெரும்பாலும் தெரியாதவை.

கதையின் வேர் பாரிஸ் நகரில் இருக்கிறது. 1880-ஆம் ஆண்டில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள், குவார்ட்ஸ் முதலிய சில ஸ்படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்சாரம் தோன்றுகிறது என்று கண்டார்கள். மின்சாரத்தைச் செலுத்தினால் ஸ்படிகம் விரிந்து சுருங்கும் என்ற மறுதலையும் அடுத்த ஆண்டிலேயே ருசுவாயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகள் பரிசோதனைச் சாலையின் விந்தையாகவே இருந்துவந்த இந்தக் குணத்தை, முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தாக்கிவந்த காலத்தில், பியேர் கியூரியின் மாணவரான பால் லாஞ்ஜவான் கடலுக்குக் கொண்டு சென்றார். மெல்லிய குவார்ட்ஸ் துண்டுகளைப் பதித்து, இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே ஒட்டி, செவிக்கு எட்டாத ஒலியை நீரில் செலுத்தி, நீர்மூழ்கியின் மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்க அவர் முயன்றார். அந்த ஒலியின் பாதையில் அகப்பட்ட மீன்கள் மாண்டதையும், நீருக்குள் கையை விட்டவர்களுக்கு வலி உண்டானதையும் அவர் குறித்துவைத்திருக்கிறார். அவருடைய குவார்ட்ஸ் துண்டுகள் பலவாயினும் மின்சாரத்தைப் பொறுத்தவரை அவை ஒன்றே. எல்லாம் ஒரே கணத்தில் ஒரே குரலில் பேசின. ஒலியை வேறு திசைக்குத் திருப்ப வேண்டுமானால் அந்தப் பாரமான எஃகையே திருப்ப வேண்டும்.

அடுத்த யுத்தமும் முடிந்த பின்னர், உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தொழிற்சாலைகள் வைத்திருந்த எதிரொலிக் கருவிகள் டாக்டர்களின் கண்ணில் பட்டன. ஸ்வீடனில் இங்கெ எட்லர் என்ற இதய வைத்தியரும் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக விஞ்ஞானியும், மால்மோவின் கப்பல் கட்டும் தளத்தில் இருந்த அத்தகைய கருவியை முதலில் பரீட்சித்துப் பார்த்து, பிறகு ஸீமன்ஸ் கம்பெனி கொடுத்துதவிய ஒன்றைக் கொண்டு 1953 அக்டோபரில் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். ஸ்காட்லாந்தின் பிரசவ வைத்தியர் இயன் டொனால்ட், 1955 ஜூலையில், சத்திர சிகிச்சையில் எடுத்த கருப்பைக் கட்டிகளையும் சூலகக் கட்டி ஒன்றையும் மோட்டார் வண்டியின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவில் கொதிகலன் செய்யும் பாப்காக் வில்காக்ஸ் தொழிற்சாலைக்குச் சென்றார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் அங்கே தயாராக இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1958-இல், அவரும் அவர் சகாவான மக்விகாரும் டாம் பிரவுன் என்ற இளம் பொறியியலாளரும் 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் பிரசவ வைத்தியத்தில் அல்ட்ராசவுண்டின் காலம் தொடங்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

இவர்கள் அனைவரிடமும் இருந்தது ஒரே ஒரு ஸ்படிகம். அது ஒரு சமயத்தில் ஒரே கோட்டின் வழியாகத்தான் பார்க்கும். ஒரு முழுப் படம் வேண்டுமானால், மூட்டுக்கள் வைத்த கரத்தில் அந்த ஸ்படிகத்தைப் பொருத்தி, டாக்டர் அதை வயிற்றின் மேல் மெல்ல நகர்த்திச் செல்ல வேண்டும். கரத்தின் மூட்டுக்கள் ஒவ்வொரு கணமும் ஸ்படிகம் இருக்கும் இடத்தையும் திசையையும் தெரிவிக்க, கோடுகள் ஒவ்வொன்றாகத் திரையில் சேர்ந்து படம் உருவாகும். டென்வர் நகரில் டக்ளஸ் ஹவ்ரி என்பவர், நோயாளியை நீர்த்தொட்டியில் அமர்த்தி, பி-29 போர் விமானத்தின் துப்பாக்கிக் கூண்டிலிருந்து எடுத்த பல்சக்கரத்தின் மீது ஸ்படிகத்தைச் சுழலவிட்டு, வியக்கத்தக்க படங்களை எடுத்தார். ஆனால் படம் முடியும்வரை உடல் அசையாமல் இருக்க வேண்டும். கல்லீரல் அதற்கு இணங்கும், சிசு இணங்காது, ஹிருதயமோ ஒரு கணமும் நிற்பதில்லை.

தடை ஒலியிடம் இல்லை என்பதை இங்கே நன்றாக உணர வேண்டும். சதையினூடே ஒலி செகண்டுக்கு சுமார் 1540 மீட்டர் செல்கிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப அதற்கு 13 மைக்ரோசெகண்டுதான் வேண்டும். 15 சென்டிமீட்டர் ஆழம்வரை பார்க்கும் ஒரு கோட்டை 200 மைக்ரோசெகண்டில் முடித்துவிடலாம். அதாவது ஒரு செகண்டில் 5000 கோடுகள். 100 கோடுகளால் ஒரு படம் என்று கொண்டால் செகண்டுக்கு 50 படங்கள். சலனப் படத்துக்கு 24 போதும். ஒலி இவ்வளவு விரைவாகப் பணி செய்யக் காத்திருக்கையில், மனிதக் கரமோ இரும்புச் சக்கரமோ அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்பதே அக்காலத்தின் முழுச் சங்கடமும். ஸீமன்ஸ் கம்பெனி 1965-இல் வெளியிட்ட விடோஸன் என்ற யந்திரம், சுழலும் ஸ்படிகங்களையும் ஒரு வளைந்த பிரதிபலிப்பானையும் கொண்டு செகண்டுக்கு 15 படங்கள் காட்டி, சிசுவின் அசைவை உடனுக்குடன் பார்க்க வழி செய்தது. அது பெரிய சாதனைதான். எனினும் சுழல வேண்டிய பாகம் ஒன்று உள்ளே இருந்தவரையில் அந்த மார்க்கத்துக்கு ஓர் எல்லை இருந்தது.

எதையும் அசைக்காமலே அலையைத் திருப்பலாம் என்ற எண்ணம் வைத்தியர்களுக்குப் புதிதே தவிர, உலகத்துக்குப் புதிதன்று. 1905-இலேயே ஃபெர்டினாண்ட் பிரவுன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, ஸ்ட்ராஸ்பூர்க்கில் மூன்று வானொலிக் கம்பங்களை நட்டு, அவற்றுக்குச் செல்லும் மின்னலையில் சிறு தாமதத்தைப் புகுத்தி, அலையை வேண்டிய பக்கம் செலுத்திக் காட்டியிருந்தார். இரண்டாம் யுத்தத்தில் ஜெர்மானியக் கப்பல்களின் இரு பக்கங்களிலும் பதித்திருந்த ஒலிவாங்கிகளின் கூட்டமும் இதே தத்துவத்தால் இயங்கியது. கப்பலும் திரும்பாது, ஒலிவாங்கியும் திரும்பாது, காதில் கருவியை மாட்டிக்கொண்ட மாலுமி ஒரு தட்டைத் திருப்புவார், அதனால் தாமதங்கள் மாறி, அவர் எந்தத் திசையைக் கேட்க விரும்புகிறாரோ அந்தத் திசையின் ஓசை மட்டும் ஓங்கி ஒலிக்கும். கடலில் பல மீட்டர் நீளத்துக்குப் பரந்திருந்த இதை, மனித மார்பின் மேல் வைக்கும் அளவுக்குக் குறுக்குவதே மிஞ்சியிருந்த வேலை. கிழக்கு பெர்லினில் புஷ்மன் என்ற கண் வைத்தியர், 1960-களின் நடுவில், பத்து ஸ்படிகங்களை ஒரு வில்லின்மேல் அடுக்கிக் கண்ணைப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தார். ஹாலந்தில் யான் ஸோமர் 1968-இல், ஒலிக்கற்றையை மின்சாரத்தாலேயே விசிறிபோல் இடமும் வலமும் திருப்பும் கருவியை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார். தத்துவம் முழுமையாக இவரிடம் இருந்தது. அதைத் தாங்கக்கூடிய மின்னணுப் பாகங்கள் அப்போது இல்லை.

அதே ஹாலந்தில், ரோட்டர்டாம் நகரில், தத்துவத்தில் எளிமையான ஒரு வழி முதலில் வெற்றி கண்டது. நிக்கோலாஸ் பாம் என்ற பொறியியலாளர் இத்தாலியின் லா ஸ்பெட்ஸியா துறைமுகத்தில், நீர்மூழ்கி எதிர்ப்புக்கான ஆராய்ச்சி நிலையத்தில், நீரடி ஒலியைப் பயின்றவர். நீர்ப்பரப்பின் மேல் மழை விழுகையில் ஆழத்தில் எவ்வளவு இரைச்சல் எழுகிறது என்று அளந்து 1969-இல் அவர் வெளியிட்ட கட்டுரையை, கடலொலி அறிஞர்கள் பின்னரும் எடுத்தாண்டிருக்கிறார்கள். மழையின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் செவி, ரோட்டர்டாமின் தொராக்ஸ் சென்டருக்கு வந்து, பால் ஹுகன்ஹோல்ட்ஸ் என்ற இதய வைத்தியரின் பிரிவில் ஹிருதயத்தின் பக்கம் திரும்பியது. பாம் செய்த புரோப்பின் தலை உள்ளங்கை அகலமே இருந்தது. அதில் இருபது சில்லுகள் ஒரே வரிசையில் இருந்தன. முதல் சில்லு ஓர் ஒலித் துடிப்பை அனுப்பித் தன் எதிரொலியைத் தானே கேட்கும், அது முடிந்ததும் இரண்டாவது, பிறகு மூன்றாவது, இருபதும் முடிந்ததும் மறுபடி முதலாவது. எங்கும் எதுவும் அசையவில்லை. திருப்புவதற்கு வேண்டிய சிக்கலான தாமதங்களும் அதில் கிடையா. மார்பின்மேல் அசையாமல் வைத்த அந்தத் தலைக்கு அடியில், இருபதே கோடுகளாலான, முரட்டுத்தனமான, கோடுகளுக்கு இடையில் இருள் விழுந்த ஒரு படத்தில், வால்வு திறப்பதும் மூடுவதும், இதயச் சுவர் தடித்து உள்ளே நெருங்குவதும், நடக்கும் அந்த க்ஷணத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தன. 1971-இல் இது பிரசுரமாயிற்று. 1978-இல் இதே குழுவினர் பாட்டரியால் இயங்கும் கையடக்கமான கருவி ஒன்றையும் செய்துகாட்டினார்கள் என்பதைப் படிக்கையில், காலத்தை அவர்கள் எவ்வளவு முந்திச் சென்றார்கள் என்று எண்ணி நான் பிரமித்திருக்கிறேன்.

பாம் செய்த தலைக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஒற்றைச் சில்லு மிகச் சிறியதாகையால் அதன் ஒலி ஆழத்தில் பரந்துவிடும். அரிசோனாவில் மார்ட்டின் வில்காக்ஸ் முதலியோர், சில்லுகளின் எண்ணிக்கையை 64 ஆக்கி, அடுத்தடுத்த சில சில்லுகளை ஒரு குழுவாகச் சேர்த்துப் பேசவைத்து, குழுவை ஒவ்வொரு சில்லாக நகர்த்தும் முறையால் இந்தக் குறையைப் போக்கினார்கள். கர்ப்பிணிகளுக்கான ஸ்கேன் உலகெங்கும் பரவியது இந்த முறையால்தான். இரண்டாவது குறையைப் போக்க அந்த உபாயம் உதவாது. எலும்பு ஒலியை மறித்துவிடும். ஹிருதயமோ விலா எலும்புகளுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளங்கை அகலத் தலையை வைத்தால் விலாக்களின் நிழல் படத்தில் பட்டை பட்டையாக விழும். இரண்டு விலாக்களுக்கு நடுவே கிடைக்கும் சந்து ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். அந்தச் சாளரத்தின் வழியே நுழைந்து, உள்ளே போனதும் விசிறிபோல் விரிய வேண்டும். ஸோமரின் தத்துவம் மீண்டும் இன்றியமையாததாயிற்று.

அந்தத் தத்துவத்தைக் கோயில் தெப்பக்குளத்தில் காணலாம். படியில் வரிசையாக நிற்கும் சிறுவர்கள் ஒரே சமயத்தில் கல்லைப் போட்டால் அலை நேராகச் செல்லும்; இடது கோடியில் உள்ளவன் முதலிலும் மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகவும் போட்டால், அலைமுகம் சாய்ந்து வலப்பக்கம் திரும்பும்; இரு கோடிகளில் உள்ளவர்கள் முதலிலும் நடுவில் உள்ளவன் கடைசியிலும் போட்டால், அலை நடுநீரில் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும். ஸ்படிக வரிசையும் இப்படித்தான் பேசுகிறது. கேட்பதும் இதே நியாயப்படிதான்: திரும்பி வரும் எதிரொலி ஒவ்வொரு சில்லையும் சற்று முன்பின்னாக அடைவதால், முந்தி வந்ததைக் காக்கவைத்து, பிந்தி வந்ததோடு சேர்த்துக் கூட்ட வேண்டும்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் தர்ஸ்டனும் அவர் மாணவர் ஓலாஃப் வான் ராமும் 1970-களின் முற்பகுதியில், ஒரு சிறு கணிப்பொறியைத் துணைகொண்டு, இந்தக் கணக்கை வைத்தியத்துக்குத் தகுதியான விதத்தில் நிறைவேற்றினார்கள். அவர்களுடைய தாமாஸ்கான் கருவியில் தொடக்கத்தில் 16 சில்லுகள் இருந்தன. இதயத்தின் முழு வெட்டுத் தோற்றம் விலாச் சந்தின் வழியே விசிறியாக விரிந்து தெரிந்தது. 1976-இல் இதய வைத்தியர்களின் 'சர்க்குலேஷன்' பத்திரிகையில் அந்தப் படங்கள் வெளிவந்தன.

இதைத் தொழிற்சாலையில் செய்து விற்கத்தக்க யந்திரமாக்குவது எவ்வளவு கடினம் என்பதை ஒரு கணக்கால் சொல்லிவிடலாம். 2.5 மெகாஹெர்ட்ஸ் ஒலிக்கு உடலில் அலைநீளம் 0.6 மில்லிமீட்டர், சில்லுக்குச் சில்லு அதில் பாதிக்கு மேல் இடைவெளி விட்டால், அலை வேண்டாத வேறொரு திசையிலும் ஓங்கி, இல்லாத உறுப்பு இருப்பதுபோல் ஒரு பேய்ப் பிம்பத்தைக் காட்டிவிடும். ஆகவே 0.3 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 64 சில்லுகள் என்றால் மொத்த அகலம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. விலாச் சந்துக்குள் அடங்கும். இப்போது ஒலியை 45 டிகிரி திருப்ப, முதல் சில்லுக்கும் கடைசிச் சில்லுக்கும் இடையே 9 மைக்ரோசெகண்டு தாமதம் வேண்டும். அந்தத் தாமதம் ஒரு மைக்ரோசெகண்டில் நாற்பதில் ஒரு பங்குக்குள் பிசகாமல் இருக்க வேண்டும். கம்பிச் சுருள்களும் கண்டென்ஸர்களும் கொண்ட தாமத வரிகளால்தான் அன்று இதைச் செய்ய முடியும். நீண்டதும் நுட்பமானதுமான அத்தகைய வரியை ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியே வைத்தால் யந்திரத்தின் விலையும் பருமனும் கட்டுக்கடங்கா. ஹூலட் பக்கார்டு கம்பெனியில் பணிபுரிந்த சாமுவேல் மாஸ்லாக், பருந்தாமதத்தை எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவான ஒரே வரியால் கொடுத்துவிட்டு, நுண்ணிய திருத்தத்தை மட்டும் ஒவ்வொரு சில்லின் மின்னலையையும் மற்றோர் அலையோடு கலந்து அதன் கட்டத்தை நகர்த்துவதன்மூலம் செய்யலாம் என்று கண்டார். அதற்கான காப்புரிமை 1979-இல் கிடைத்தது. 1981-இல் அந்தக் கம்பெனியின் 64 சில்லு இதய யந்திரம் வெளிவந்தது. அதற்குள் மாஸ்லாக் நண்பர்களோடு அக்யூஸன் என்ற கம்பெனியைத் தொடங்கியிருந்தார். 1983-இல் அவர்கள் வெளியிட்ட 128 தடங்கள் கொண்ட யந்திரம், படத்தின் தெளிவைப் பற்றி அதுவரை இருந்த எதிர்பார்ப்பையே மாற்றிவிட்டது. இந்த வரலாற்றில் அறிவின் அழகு மிகத் துலக்கமாகத் தெரியும் இடம் எது என்று கேட்டால், அந்தப் பொது வரி என்றே சொல்வேன்.

கணக்கு இத்தனை நுட்பமாயினும், தலையைச் செய்வது கைத்தொழிலின் பொறுமையைக் கேட்கும் காரியம். ஈயமும் ஸிர்க்கோனியமும் டைட்டானியமும் கலந்து சுட்ட பீங்கான் தகட்டை, உயர்ந்த மின்னழுத்தத்தால் பதப்படுத்தி, பின்புறம் டங்ஸ்டன் தூள் கலந்த பசையால் தாங்கல் கொடுக்கிறார்கள். அடித்த மணி நெடுநேரம் அதிராதபடி அது அடக்கும். பீங்கானின் ஒலித் தடை சதையைப் போல் சுமார் இருபது மடங்கு இருப்பதால், ஒலியின் பெரும்பகுதி வாசலிலேயே திரும்பிவிடும். அதைத் தவிர்க்க, அலைநீளத்தில் கால் பங்கு கனமுள்ள இடைப்படலங்களை முன்புறத்தில் ஒன்றோ இரண்டோ ஒட்ட வேண்டும். படலங்களைக் கணக்கிடும் முறையை ஸ்டான்ஃபோர்டில் கினோவும் சகாக்களும் 1978-இல் தெளிவாக வகுத்துக் கொடுத்தார்கள். பிறகு, சிலிக்கான் சில்லுகளை அறுக்கும் வைர வாளால், சுமார் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு பள்ளம் விழும்படி, பீங்கானையும் படலங்களையும் சேர்த்து அறுக்கிறார்கள். சில்லு அகன்றிருந்தால் பக்கவாட்டிலும் அதிர்ந்து படத்தைக் கெடுக்குமாதலால், ஒரே சில்லைக்கூட இரண்டாக மூன்றாகப் பிளந்து மின்சாரத்தால் மட்டும் இணைப்பதுண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய கம்பி. நூற்றுக்கு மேற்பட்ட அந்தக் கம்பிகள் எல்லாம் டாக்டரின் கை நோகாதபடி துவளும் ஒரே கேபிளுக்குள் அடங்க வேண்டும். ஒரு முறை தரையில் விழுந்தால் சில சில்லுகள் ஊமையாகிவிடும். படத்தில் இருண்ட கோடு விழும். ஸ்கேன் அறையில் புரோப்பைக் கண்ணாடிப் பாத்திரம்போல் பத்திரமாகத் தாங்கியில் திருப்பி வைப்பது இதனால்தான்.

பிந்திய முன்னேற்றங்களைச் சுருங்கச் சொன்னால் போதும். ரத்தத்தின் ஓட்டத்தைச் சிவப்பாகவும் நீலமாகவும் காட்டும் முறையை ஜப்பானில் நமேகாவா, கஸாய் முதலியோர் 1980-களின் முற்பகுதியில் நிறுவினார்கள். 1990-களில் தாமதங்கள் கம்பிச் சுருளை விட்டு எண்களுக்குள் புகுந்தன. டியூக் குழுவினரே சில்லுகளை வரிசையாக மட்டுமன்றிக் கட்டம் கட்டமாகவும் அடுக்கி, கன பரிமாணப் படத்துக்கு வழிகோலினார்கள். 2002-இல் பிலிப்ஸ் கம்பெனி சுமார் 3000 சில்லுகளைக் கொண்ட தலையை வெளியிட்டபோது, அத்தனை கம்பிகளைக் கேபிளில் அடக்க வழியில்லாமையால் கூட்டும் வேலையின் ஒரு பகுதியைக் கைப்பிடிக்குள்ளேயே செய்ய வேண்டியதாயிற்று. பாரிஸில் மதியாஸ் ஃபிங்கின் குழுவினர், கோடு கோடாகப் பார்க்கும் வழக்கத்தையே விட்டு, ஒரே வீச்சில் முழுப் பரப்பிலும் ஒலியைச் செலுத்தி, செகண்டுக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் 1994-இல் தோன்றிய, சிலிக்கான் மேல் அதிரும் நுண்சவ்வுகள் என்ற வழி, 2018-இல் சுமார் 9000 சவ்வுகள் கொண்டதும் கைபேசியோடு இணைவதுமான பட்டர்ஃப்ளை கருவியாகச் சந்தைக்கு வந்தது.

யந்திரம் சிறுத்து, மலிந்து, எங்கும் சென்றதில் நம் தேசத்துக்கு ஒரு விபரீதமும் நேர்ந்தது. அன்னையின் வயிற்றில் சிசுவின் நலத்தை அறிவதற்கான கருவி, அது பெண்ணா என்று அறிந்து அழிப்பதற்கும் பயன்பட்டது. 1994-இல் பாராளுமன்றம் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, 2003-இல் அதைக் கடுமையாக்கியது. பதிவு பெறாத இடத்துக்கு யந்திரத்தை விற்பதே இங்கு குற்றம். ஸ்கேன் சென்டர் தோறும் சுவரில் தொங்கும் அறிவிப்புப் பலகைக்கு இந்தச் சட்டமே காரணம். ஸோமரோ பாமோ வான் ராமோ கனவிலும் கருதியிராத பிரயோகம் அது.

நம் பொறியியல் கல்லூரிகளில் அலைகளைப் பற்றிப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள், ரேடாரையும் சோனாரையும் உதாரணம் காட்டுகையில், இந்த மூவரின் பெயர்களையும் மாஸ்லாக்கின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நோபல் பரிசு அவர்களுக்கு வாய்க்கவில்லை. எக்ஸ்ரேக்காக ரான்ட்ஜனுக்கு 1901-இலும், சி.டி. ஸ்கேனுக்காகக் கார்மக், ஹவுன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 1979-இலும், எம்.ஆர்.ஐ.க்காக லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 2003-இலும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உடலுக்குள் ஒலியால் படம் எடுக்கும் கலைக்கு இன்றுவரை அந்தப் பரிசு கிடைத்ததில்லை.